விசுவமடு ஒழுங்கையில் ஒரு மின்சாரச் சைக்கிள்: 2,310 கிலோமீற்றர் குறிப்புகள்

வீட்டிலிருந்து கடைக்கு 7 கிலோமீற்றர். முதல் 2 கிலோமீற்றர் கிரவல் ஒழுங்கை, மிச்சம் பரந்தன்–முல்லைத்தீவு ரோட்டு. விசுவமடுப் பக்கம் ரேடியோ, ரிவி, ஃபான், தண்ணி மோட்டர் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். வயது 58. இவ்வளவு காலமும் ஓடியது மிதிசைக்கிள்தான். கடைசியாய் வைத்திருந்தது ஒரு லுமாலா. போன வருசம் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார்கள். "காலை ஆட்டாமலும் விடாதேங்கோ ஐயா, பாரமும் குடுக்காதேங்கோ" என்றார் டொக்டர். இரண்டுக்கும் ஒத்துவருகிற வாகனம் எது என்று யோசித்துத்தான் பெடலும் மோட்டரும் சேர்ந்த சைக்கிளுக்கு வந்தேன்.

மகன் பெற்றோல் ஸ்கூட்டி எடுக்கச் சொன்னான். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கியூஆர் கோட் காட்டி, கிழமைக்கு 4 லீற்றருக்காகப் பெற்றோல் செட்டில் வெயிலில் நின்றவர்களைப் பார்த்தவன் நான். அதற்கு முந்தின காலமும் மறக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோலும் வராது, ரோச் பற்றரியும் வராது. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. 6 வோல்ற் டைனமோவுக்கு நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் ஈயம் வைத்துக் கொடுக்கிறதுதான் அந்த நாட்களில் என் முக்கால்வாசி வேலை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு பெடியன் மிதிக்க, சுற்றி இருந்து நாலு வீட்டுச் சனம் செய்தி கேட்கும். சைக்கிளும் மின்சாரமும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்குத் தனி ஆசை வருவதற்கு அதுதான் காரணம்.

ஆனி மாதம் ரவுனில் ஒரு கடையில் எடுத்தேன். 26 அங்குலச் சில்லு, பின் சில்லுக்குள் 250 வாற்ஸ் மோட்டர், 36 வோல்ற் 10.4 அம்பியர் மணித்தியால லிதியம் பற்றரி, இரண்டு பக்கமும் கம்பி இழுவை டிஸ்க் பிரேக். இந்த ஏழு மாதமும் சின்னக் கொப்பி ஒன்றில் ஓடிய தூரமும் பற்றரி வோல்ற்றும் எழுதிவந்தேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது பற்றரி எத்தனை வருசம் தாங்கும் என்றுதான். என் கொப்பியைப் புரட்டினால் பற்றரிக்கு எதிரே பழுது என்று ஒன்றும் இல்லை. எழுதியிருக்கிற பழுதெல்லாம் சில்லு, கம்பி, தண்ணி, தூசி. இது முதலில் ஒரு சைக்கிள். அதை மறந்து மின்சாரச் சாமானாக மட்டும் பார்த்தால் மூன்றாம் மாதம் ரோட்டில் நிற்கவேண்டி வரும்.

0 கிலோமீற்றர்

பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டித் தந்தவர்கள் அவசரத்தில் பூட்டியிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே விறாந்தையில் விரிப்புப் போட்டு ஒவ்வொரு நட்டாகப் பார்த்தேன். ஹாண்டில் கழுத்தின் இரண்டு அலன் போல்ட்டில் ஒன்று கையால் திருகவே சுழன்றது. முன் பிரேக்கை, முன் சில்லைத் தாங்குகிற ஃபோர்க்கோடு பிடிக்கிற போல்ட்டும் அரைவாசி இளக்கம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் போகும் என்பது சைக்கிள் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். புதியவர்கள் அதை வலதுபோல இறுக்கி மரையைத் தின்னவிடுவார்கள். பின் அச்சு நட்டு 18ஆம் நம்பர் சாவி. மோட்டர் உள்ள அச்சில் நட்டுக்கு உள்ளே நாக்கு வைத்த வாசர் ஒன்று இருக்கும். அந்த நாக்கு சைக்கிள் சட்டத்தின் வெட்டுக்குள் இறங்கியிருக்கவேண்டும். மோட்டர் சில்லை முன்னுக்குச் சுழற்றும்போது அச்சைப் பின்னுக்குச் சுழற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது அந்த நாக்குத்தான். நாக்கு ஏறி நின்றால் அச்சு சுழன்று, அதன் நடுவால் வருகிற வயரை முறுக்கி அறுத்துவிடும். என்னுடையது சரியாக இருந்தது. ஆனாலும் ஃபோனில் படம் எடுத்து வைத்தேன். பிறகு கழற்றும்போது எந்த வாசர் எந்தப் பக்கம் என்று யோசிக்கத் தேவையில்லை.

பற்றரி சட்டத்தில் பூட்டுப் போட்டு நிற்கிறது. கையால் ஆட்டினால் ஒரு நூலளவு அசைவு. கிரவல் ரோட்டில் அந்த நூலளவு அசைவு பொல்லாதது. பற்றரிக்குக் கீழே இருக்கிற செப்புத் தகடுகள் தட்டித் தட்டிப் பொறி விட்டு, நாளடைவில் கறுத்துக் குழி விழும். பழைய ரியூப்பிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டிப் பூட்டுப் பக்கம் வைத்து அழுத்தினேன். அசைவு போய்விட்டது. செலவு ஒன்றும் இல்லை.

32 கிலோமீற்றர்

புது வாகனம் எடுத்தால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். சைக்கிளுக்கும் அதே மரியாதைதான். முதல் வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டேன். கடைக்காரர் ஒரு சார்ஜில் 60 கிலோமீற்றர் என்று சொல்லியிருந்தார். கணக்கைப் பாருங்கள்: 36ஐ 10.4ஆல் பெருக்கினால் 374 வாற் மணித்தியாலம். என் பாரத்துக்கும் எங்கள் ரோட்டுக்கும் கிலோமீற்றருக்குப் 10 வாற் மணித்தியாலம் சுளையாகப் போகும். 60 வருவதற்கு மோட்டரை மிகக் குறைவில் வைத்து, நல்லாய் மிதித்து, காற்றும் இல்லாமல் இருக்கவேண்டும். எனக்கு 35தான் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலம். பரந்தன் பக்கம் மேற்கே போகும்போது காற்று நெஞ்சிலே அறையும். வழியில் தங்கச்சி வீடு இருக்கிற கிளிநொச்சிக்கு வீட்டிலிருந்து 24 கிலோமீற்றர். புறப்படும்போது 41.8 வோல்ற், தங்கச்சி வீட்டு வாசலில் பார்க்க 35.7. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவர முதல் நான் பிளக் பொயின்ற் எங்கே என்று கேட்டேன். "அண்ணை, சாப்பாடு கேக்கிறதுக்கு முதல் கரண்ட் கேக்கிறியள்" என்று சிரித்தாள். சார்ஜர் 42 வோல்ற் 2 அம்பியர். 7 அம்பியர் மணித்தியாலம் திருப்பி ஏற நாலு மணித்தியாலம் பிடித்தது. பின்னேரம் முறிகண்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்று இரவு அங்கேயே தங்கல். மற்ற நாள் காலமை வீட்டுக்கு வரும்போது காற்று முதுகுப் பக்கம். அதே 24 கிலோமீற்றருக்குப் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் முடிந்தது.

அன்றிலிருந்து தூரத்தை மட்டும் பார்த்துப் பயணம் தீர்மானிப்பதில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கிளிநொச்சிக்குப் போவதென்றால் காலமை 6 மணிக்கு முதல், காற்று எழும்ப முன்னம் போகவேண்டும்.

வோல்ற் கணக்கு தெரியாதவர்களுக்கு: ஹாண்டிலில் இருக்கிற கோடுகளை நம்பாதேங்கோ. ஏற்றத்தில் இரண்டு கோடு விழும், நின்றால் ஒன்று திரும்பி எழும்பும். நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டு மீற்றரால் பாருங்கள். 42 நிறைகுடம். 40 என்றால் ஐந்தில் நாலு பங்கு. 37க்குக் கிட்ட என்றால் பாதி. 35க்குக் கீழே போனால் வீட்டை நோக்கித் திரும்புங்கள். உள்ளே 10 செல் வரிசை இருக்கிறது. வோல்ற்றைப் பத்தால் பிரித்தால் ஒரு செல்லின் நிலைமை விளங்கும்.

பூட்டிய சாமான்கள்

மட்காட் இரண்டும் குட்டை. பின் சில்லு எறிகிற செம்மண் தண்ணி நேரே, மிதிப்பதை மோட்டருக்கு அறிவிக்கிற பெடல் சென்சருக்குத்தான் போகிறது. பழைய லொறி ரியூப்பில் நாக்கு வெட்டி, முன்னும் பின்னும் நிலத்துக்கு நாலு விரல் உயரம் வரை தொங்கவிட்டேன். நான் பூட்டியதிலேயே அதிகம் உழைப்பது இந்த ரப்பர் நாக்குத்தான்.

இரட்டைக்கால் ஸ்டாண்ட் கட்டாயம். பக்க ஸ்டாண்ட் எங்கள் மண்ணில் புதையும். இரட்டைக்கால் போட்டால் பின் சில்லு நிலத்தை விட்டு எழும்பும், திருத்த வேலைக்கும் வசதி. கரியரில் 25 கிலோ என்று அடித்திருக்கிறது. அதன் சின்ன போல்ட்டுகள் ஒழுங்கையில் ஒரு கிழமைக்குள் இளகின. நைலோன் வைத்த நட்டு மாற்றினேன். பக்கக் கண்ணாடி ஒன்று வலது பக்கம். பரந்தன் ரோட்டில் ரிப்பர் லொறி பின்னால் வருவது காதுக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு கிட்ட என்பது தெரியாது.

வெளிச்சம்தான் எனக்குப் பிடித்த வேலை. கொடுத்திருந்த லைற் மின்மினிப் பூச்சி மாதிரி. இரவு எங்கள் ரோட்டில் பட்டி மாடுகள் தார் சூட்டுக்கு நடு ரோட்டில் படுத்திருக்கும். கறுப்பு மாடு 10 மீற்றருக்குள் வந்தால்தான் தெரியும். 36 வோல்ற்றை 12 ஆக்குகிற சின்னக் கொன்வேட்டர் ஒன்று வாங்கி, சாவி போட்ட பிறகு கரண்ட் வருகிற வயரில், நடுவில் 3 அம்பியர் பியூஸ் வைத்து எடுத்தேன். நேரே பற்றரியில் எடுத்தால் சைக்கிள் ஓடாத நேரமும் அது கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்துக்கொண்டே இருக்கும். அதில் 10 வாற்ஸ் எல்இடி. ஒரு மணித்தியாலம் எரித்தால் ஒரு கிலோமீற்றர் ஓட்டம் குறையும், அவ்வளவுதான். லைற்றைக் கொஞ்சம் கீழே குனித்து வைத்தேன். எதிரே வருகிறவனும் எங்கள் ஊர்ப் பெடியன்தானே, அவன் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. பின்னால் சிவப்பு ஒளிதெறிப்பான் இரண்டு, பெடலில் நாலு.

பற்றரிக்கு மழைச் சட்டை என் மனைவி தைத்தது, பழைய குடைத் துணியில். மேல் பக்கமும் இரண்டு பக்கமும் மூடும், கீழ்ப் பக்கம் திறந்திருக்கும். முழுக்க மூடினால் உள்ளே வேர்க்கும்.

சார்ஜ் போடுகிற இடம்

முதல் கிழமை கிடுகால் வேய்ந்த மாலுக்குள் நிறுத்தி அங்கேயே சார்ஜ் போட்டேன். மனைவி வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இந்தப் பெட்டி சுடுகுது. மேல கிடுகெல்லோ?" என்றாள். அவள் சொன்னது சரி. லிதியம் பற்றரி நெருப்புப் பிடிப்பது அரிது. பிடித்தால் அணைப்பது கடினம். காய்ந்த கிடுகுக்குக் கீழே அந்த வேலை வேண்டாம். இப்போது பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள், சீமெந்து நிலத்தில், இரண்டு கல்லின் மேல் வைத்துப் போடுகிறேன். பக்கத்தில் பாயும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. இரவு படுத்த பிறகு சார்ஜ் ஓடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெயிலில் வந்தவுடன் போடுவதும் இல்லை. மத்தியானம் கடைக்கு வெளியே நின்ற பற்றரியைத் தொட்டால் கை சுடும். ஒரு மணித்தியாலம் நிழலில் ஆறவிட்டுத்தான் போடுவேன். சூட்டில் நிறைத்து, நிறைத்த சூட்டோடு வைத்திருப்பதுதான் லிதியத்தின் ஆயுளைத் தின்னும். கடைக்கும் வீட்டுக்குமான 14 கிலோமீற்றருக்கு நிறைகுடம் தேவையே இல்லை, 40, 40.5 வோல்ற் வந்ததும் கழற்றிவிடுகிறேன். மாதம் ஒருக்கால் மட்டும் 42 வரை விட்டு, சார்ஜரின் பச்சை லைற் வந்த பிறகும் ஒரு மணித்தியாலம் விடுவேன். உள்ளே இருக்கிற காவல் சேர்க்கிட் செல்களைச் சமப்படுத்துவது அந்த உச்சியில்தான். தங்கச்சி மகள் கலியாணத்துக்குப் பத்து நாள் போனபோது 37இல் விட்டுவிட்டுப் போனேன். வந்து பார்க்கவும் 37தான்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பிளக்கில் ஒன்றும் இருக்கக்கூடாது. வந்த முதல் நிமிடம் வோல்ற் தாறுமாறாய் ஆடும். எங்கள் கடைக்கு வருகிற ரிவிகளில் எத்தனையோ அப்படிச் செத்தவை. ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுவேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுவேன், சுவிச்சை நிறுத்துவது போதாது. வெறும் பற்றரியை நிறைகுடமாக்க அரை யூனிற்றும் முடியாது. அந்த அரை யூனிற்றுக்கு 35 கிலோமீற்றர்.

640 கிலோமீற்றர்

ஆவணி மாதம், ஒழுங்கையில் வரும்போது பின்னால் "டிங்" என்று ஒரு சத்தம். நூறு மீற்றர் போக இன்னொன்று. பின் சில்லு நெளிந்து சட்டத்தில் உரசத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் பல்லுச் சக்கரப் பக்கம் இரண்டு சில்லுக் கம்பி, தலை வளைகிற முழங்கையில் முறிந்து தொங்குகிறது.

முதல் நாள் கரியரில் தண்ணி மோட்டர் ஒன்று கட்டிக்கொண்டு வந்திருந்தேன். 18 கிலோ இருக்கும். கரியர் தாங்கும் பாரம்தான். ஆனாலும் சில்லு முன்னமே இளகியிருந்தது என்பது கையால் தட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. புதுச் சில்லின் கம்பிகள் முதல் 300 கிலோமீற்றருக்குள் படிந்து இளகும். அந்த நேரம் ஒருக்கால் இறுக்கியிருக்கவேண்டும். நான் பற்றரி வோல்ற் எழுதிக்கொண்டிருந்தேன், கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தருமபுரத்தில் ஒரு சைக்கிள் கடை ஐயா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். சில்லைக் கழற்றிக்கொண்டு போனேன். மடியில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது சில்லுக்குள்ள மோட்டர் இல்லை. மோட்டரைச் சுத்தி ஒரு சில்லு. அப்பிடி நினைச்சுத்தான் கம்பி போடவேணும்."

அவர் காட்டியது இது. சாதாரணச் சைக்கிளில் சில்லின் நடுக் குடம் சின்னது, கம்பி நீளம். இதில் மோட்டர் ஒரு கிண்ணம் அளவு பெரிது, கம்பி குட்டை. குட்டைக் கம்பி, றிம்மில் அதை இறுக்குகிற சின்ன நட்டான நிப்பிளுக்குள் சரிவாக நுழைகிறது. அதோடு மோட்டர் இழுக்கும்போது முழு இழுவையும் கம்பிகளில்தான். இறுக்கமாய் இருக்கும்வரை ஒன்றும் இல்லை. ஒரு கம்பி இளகினால் சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் அது மடங்கி நிமிரும். வயரைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறதே, அதே மாதிரி முழங்கையில் முறியும். ஒன்று முறிந்தால் பக்கத்துக் கம்பிக்குப் பாரம் ஏறி அதுவும் போகும்.

அளந்தோம்: 208 மில்லிமீற்றர். அந்த நீளத்தில் கம்பி வன்னியில் எந்தக் கடையிலும் இல்லை. ஐயா தன்னிடம் இருந்த 13ஆம் நம்பர் நீளக் கம்பியை வெட்டி, மரை போட்டு, இரண்டல்ல ஆறு செய்தார். நாலு கையில் இருக்கட்டும் என்றார். இப்போது அவை பம்போடு சேர்த்து சட்டத்தில் கட்டியிருக்கின்றன. பிறகு நெளிவு எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு வெண்கட்டியை றிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துச் சில்லைச் சுழற்றுவார். வெண்கட்டி எங்கே பூசுகிறதோ அந்த இடம் அந்தப் பக்கம் நெளிந்திருக்கிறது. அந்தப் பக்கக் கம்பியைக் கால் சுற்று இளக்கி, எதிர்ப் பக்கத்தைக் கால் சுற்று இறுக்குவார். அரைச் சுற்றுக்கு மேல் ஒரு முறையும் திருப்பவில்லை.

எனக்கு அவரிடம் இருந்து கிடைத்த பெரிய சாமான் காது. கம்பியை விரலால் சுண்டுவார், வீணை மாதிரி. ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். இளகியது "டொக்" என்று மந்தமாய்ச் சொல்லும். முப்பது வருசம் ரேடியோ ரியூன் பண்ணிய எனக்கு இது உடனே பிடிபட்டது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டாண்டில் ஏற்றி 36 கம்பியையும் சுண்டிப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. அன்றிலிருந்து ஒரு கம்பியும் முறியவில்லை.

1,115 கிலோமீற்றர்

பின் சில்லு காத்துப் போனது. நெருஞ்சி முள். மோட்டர் சில்லைக் கழற்றத்தான் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு ஒட்டுக்கு அது தேவையில்லை. சில்லு சட்டத்திலேயே இருக்கட்டும். ரயரைச் சுற்றி முள்ளை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் மட்டும் ரயரின் ஒரு விளிம்பை நெம்பி, ரியூப்பை ஒரு சாண் வெளியே இழுத்து, உரசி, பசை பூசி, ஒட்டி, திருப்பி உள்ளே விடலாம். ரோட்டோரம் பாலை மர நிழலில் இருபது நிமிடத்தில் முடித்தேன். ரயருக்குள் விரலை ஓட்டிப் பார்க்க மறக்காதேங்கோ. முள் நுனி உள்ளே நின்றால் மற்ற நாளும் இதே வேலை. காற்று நான் 45 பிஎஸ்ஐ வரை அடிக்கிறேன். காற்றுக் குறைந்தால் பற்றரியும் கூடக் குடிக்கும், கிரவலில் றிம்மும் அடிபடும்.

இதே மாதம் பக்கத்து வளவு ரீச்சர் தன் மின்சாரச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தா. "அண்ணை, மோட்டர் செத்துப்போச்சு." திரை எரிகிறது, பற்றரி நிறைய இருக்கிறது, மோட்டர் மட்டும் இல்லை. இடது பிரேக் பிடியைப் பார்த்தேன். தூசி ஏறி முழுக்கத் திரும்பாமல் ஒரு நூல் உள்ளே நின்றது. பிரேக் பிடித்தால் மோட்டரை நிறுத்துகிற சுவிச் அந்தப் பிடிக்குள் இருக்கிறது. பிடி திரும்பாவிட்டால் பிரேக் பிடித்திருப்பதாகத்தான் மோட்டர் நினைக்கும். பிரஷால் தட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட, ஓடியது. மோட்டருக்குக் கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கிற கொன்ட்ரோலர் பெட்டியைப் புதிதாய்ப் போடவேணும் என்று அவவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

1,740 கிலோமீற்றர்

கார்த்திகை. மூன்று நாள் விடாத மழை. ஒழுங்கைப் பாலத்துக்கு மேலால் முழங்காலுக்குக் கீழே தண்ணி ஓடியது. மோட்டரில் தண்ணி அறையக்கூடாது என்று சைக்கிளை இறங்கி மெல்லத் தள்ளித்தான் வந்தேன். ஆனாலும் மற்ற நாள் காலமை பெடல் மிதித்தால் மோட்டர் இழுக்காமல் "கர், கர்" என்று உதறுகிறது. தள்ளிவிட்டு வேகம் எடுத்தால் கொஞ்சம் ஓடும், நின்றால் திரும்பவும் உதறும்.

இது எனக்குப் பழகின பாசை. மோட்டருக்குள் மூன்று ஹோல் சென்சர் உண்டு. காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவை. மூன்றில் ஒன்று பேசாவிட்டால் எந்தப் பக்கம் தள்ளுவது என்று கொன்ட்ரோலருக்குத் தெரியாது. அதுதான் அந்த உதறல்.

பின் சில்லை ஸ்டாண்டில் உயர்த்தி, கொன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தேன். சென்சர் வருகிற வெள்ளைப் பிளக்கில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து மெல்லிய வயர். மீற்றரின் கறுப்பைக் கறுப்பு வயருக்குப் பின்னால் ஒரு தையல் ஊசியால் தொட்டேன். சிவப்பில் 5 வோல்ற் வருகிறது. நல்லது. இனி சில்லைச் சுழற்றவேண்டும். முன்னுக்குச் சுழற்றினால் பலன் இல்லை. உள்ளே இருக்கிற கிளச் சில்லை மட்டும் தனியே சுழலவிடும், மோட்டர் அசையாது. பின்னுக்கு மெல்லச் சுழற்றினால்தான் மோட்டர் சேர்ந்து சுழலும். மஞ்சள்: 0, 5, 0, 5 என்று துள்ளுகிறது. பச்சையும் அப்படியே. நீலம் எவ்வளவு சுழற்றியும் அசையாமல் 5 இலேயே நிற்கிறது.

சென்சர் செத்ததா, வயர் விட்டதா? சில்லைத் திறக்கும் முன் வழியைப் பார்ப்பது என் வழக்கம். பின் அச்சுக்குப் பக்கத்தில், மோட்டர் வயரின் ஒன்பது ஊசிப் பிளக்கைக் கழற்றினேன். அதன் வாயை மேலே பார்த்தபடி கட்டி அனுப்பியிருந்தார்கள். தண்ணிக்குள் மூழ்காமலே, மழைத் தண்ணி வயர் வழியே வடிந்து வந்து நேரே வாய்க்குள் விழுகிற மாதிரி. உள்ளே ஒரு ஊசியில் மட்டும் பச்சைக் களிம்பு, கோயில் செம்பில் பிடிக்கிற மாதிரி. நீல வயரின் ஊசி.

ஸ்பிரிட்டும் பழைய பல்லுத்தூரிகையும். களிம்பு போகும்வரை தேய்த்து, ஹெயார் டிரையர் இல்லாதபடியால் ஒரு மணித்தியாலம் அடுப்பங்கரைச் சூட்டில் உலரவிட்டு, சிலிக்கன் கிறீஸ் ஒரு பயறளவு வைத்து, அம்புக்குறிக்கு நேரே அம்புக்குறி வைத்து அழுத்தினேன். சாதாரணக் கிறீஸ் வேண்டாம், அது அந்த ரப்பரை ஊதவைக்கும். திரும்ப ஊசி வைத்துப் பார்க்க நீலமும் துள்ளியது. அந்த 0, 5, 0, 5 ஐப் பார்த்தபோது வந்த சந்தோசம், அந்த நாளில் டைனமோ ரேடியோவில் முதல் குரல் வந்தபோது வந்த அதே சந்தோசம்.

பிறகு செய்த முக்கியமான வேலை வயரைத் திருப்பிக் கட்டியது. பிளக்கின் வாய் கீழே பார்க்கவேண்டும். அதற்கு முதல் வயர் ஒரு வளைவு கீழே இறங்கி ஏறவேண்டும். வடிகிற தண்ணி அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். கொன்ட்ரோலர் பெட்டிக்கும் அதே மாதிரி, அதோடு பெட்டியின் அடியில் இருந்த சின்ன ஓட்டையைச் சேறு அடைத்திருந்தது. அதைக் கம்பியால் குத்தித் திறந்தேன். அந்த ஓட்டை பழுதல்ல, தண்ணி போக வைத்தது. அதை மூடி சிலிக்கன் அடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அடிக்காதேங்கோ.

அந்த மாரி முடியும்வரை மழையில் ஓடினேன். உதறல் திரும்பவில்லை. சைக்கிளைக் கழுவுவது வாளித் தண்ணியும் துணியும்தான். பவர் வோசர் பிடிக்கவே கூடாது. மழையால் போகாத இடத்துக்கும் அது தண்ணியை ஏற்றிவிடும்.

2,310 கிலோமீற்றர்

தை பிறந்துவிட்டது, ரோட்டுக் காய்ந்து தூசி எழும்பத் தொடங்கியிருக்கிறது. செயினில் எண்ணெயைக் குறைத்துவிட்டேன். கூட விட்டால் செம்மண் பிடித்து அரைக்கும் கல்லாகிவிடும். மூன்று சொட்டு, துணியால் துடைத்தெடுத்து. மோட்டர் பின் சில்லுக்குள் இருக்கிறபடியால் அதன் இழுவை செயினில் ஏறாது, கால் இழுவை மட்டும்தான். ஆனாலும் செயின் மெல்ல நீளும். இருபத்துநாலு கண்ணியை அடிமட்டத்தில் அளந்தேன்: 12 அங்குலம் இருக்கவேண்டியது ஒரு மில்லிமீற்றர் கூட. இன்னும் ஓடலாம். இரண்டு மில்லிமீற்றர் வரும்போது மாற்றவேண்டும், விட்டால் பல்லுச் சக்கரத்தையும் தின்னும்.

பற்றரி நிறைகுடத்தில் 41.8, வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவு. முழங்கால் படிக்கட்டில் இன்னும் நோகிறது, சைக்கிளில் நோகவில்லை.

பின் பிரேக் பாட் ஒரு மில்லிமீற்றருக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாற்றவேண்டும். முன்னது அடுத்த மாரி வரை போகும். ஞாயிறு சுண்டிப் பார்த்தபோது பல்லுச் சக்கரப் பக்கம் ஏழாவது கம்பி கொஞ்சம் மந்தமாய்ச் சொன்னது. கால் சுற்று இறுக்கினேன். பக்கத்துக் கம்பியோடு சுருதி சேர்ந்தது. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு அதைத்தான் முதலில் சுண்டிப் பார்ப்பேன்.